தோற்கும் அணியைப் பிள்ளைக்கும் பழக்கிவிட்டேன்: நான் செய்தது சரிதானா?

கேள்வி: கொக்குவில் வாசகர்

என் அக்கா கனடாவின் ரொரன்ரோவிலுள்ள ஸ்காபரோவில் குடியேறிய பிறகு, அவருடைய பிள்ளைகளோடு பேசுவதற்குப் பொதுவாக ஏதாவது வேண்டும் என்பதற்காகவே ரொரன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியைப் பார்க்கத் தொடங்கினேன். பாடசாலையில் எல்லே (பேஸ்போல் போலவே மட்டையால் பந்தை அடித்து ஓடும் இலங்கை விளையாட்டு) விளையாடியவன் என்பதால் ஆட்டத்தின் அடிப்படை விரைவிலேயே பிடிபட்டுவிட்டது. அங்கே மாலை 7.07க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே அதிகாலை 4.37க்குத் தொடங்கும். குசினி மேசையில் சீனிப்பேணியோடு கைபேசியைச் சாய்த்து வைத்து, வீட்டார் எழும்பாதபடி ஒலியைக் குறைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

2022 ஒக்ரோபரில் சியாற்றில் அணிக்கெதிராக 8-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 10-9 என்று தோற்றார்கள். மறுவருடம் மினசோட்டாவில், நன்றாகப் பந்தெறிந்துகொண்டிருந்த ஹொசே பெரியோஸை, ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸிலேயே வெளியே அழைத்தார்கள். அந்தத் தொடரும் அத்தோடு முடிந்தது. 2024இல் 162 ஆட்டங்களில் 88இல் தோற்றுத் தமது பிரிவில் கடைசியாக வந்தார்கள். இவற்றையெல்லாம் நான் தனியாகவே தாங்கிக்கொண்டேன்.

2025இல்தான் என் பதினொரு வயது மகனும் என்னோடு எழும்பத் தொடங்கினான். பேஸ்போல் கிண்ணத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம் நவம்பர் 2, ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குப் பின் எங்களுக்குத் தொடங்கியது. ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 என்று முன்னிலை. இன்னும் இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் 1993க்குப் பிறகு முதற்கிண்ணம் என்ற நிலையில், டொட்ஜர்ஸ் அணியின் மிகுவேல் ரோஹாஸ் ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடித்துச் சமப்படுத்தினார். பதினோராவது இன்னிங்ஸில் 5-4 என்று தோற்றோம். அக்கா அனுப்பிய நீலத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பை நகத்தால் சுரண்டியபடி அவன் சத்தமில்லாமல் அழுதான். அன்று அவன் ரியூசனுக்கும் போகவில்லை.

ஒரு தொலைதூர அணியின் தோல்விகளை என் பிள்ளையின் தலையிலும் ஏற்றிவிட்டேனோ என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. நீண்டகாலம் தோற்கும் அணிகளோடு இருந்தவர்கள் இதை எப்படிக் கையாள்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 1: ஸ்காபரோவிலிருந்து

தம்பி, நான் கனடாவுக்கு வந்த புதிதில், 1993 ஒக்ரோபர் 23 இரவு, ஜோ கார்ட்டர் அடித்த பந்து இடப்பக்க வேலியைத் தாண்டி எங்களுக்குக் கிண்ணத்தை வென்றுதந்ததை ஆறு பேர் சேர்ந்து இருந்த வாடகை அறையொன்றில் பார்த்தேன். அதற்கு முந்தைய ஆண்டும் அவர்களே வென்றிருந்ததால், இந்த அணி எப்போதும் வெல்லும் என்றே நம்பினேன். அதன் பிறகு 2015 வரை ஒருமுறைகூட அவர்கள் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழையவில்லை. 22 ஆண்டுகளில் எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, மூத்தவள் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டாள்.

அந்த ஆண்டுகளிலும் அணி முழுக்க மோசமாக இருக்கவில்லை என்பதுதான் என்னை அதிகம் நோகச் செய்தது. 1998இல் 88 ஆட்டங்களில் வென்றார்கள். ஆனால் பணபலம் மிக்க நியூயோர்க் யாங்கீஸும் பொஸ்டனும் அதே பிரிவில் இருந்தன, பிரிவில் முதலிடம் பெறாத அணிகளுக்கு இறுதிச் சுற்றுகளில் அப்போது ஒரேயொரு இடந்தான் இருந்தது. ஆகவே செப்ரெம்பர் வந்தாலே எங்களுக்கு எல்லாம் முடிந்துவிடும்.

உங்கள் மகனுக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஆட்டத்தின் கணக்கைத்தான். 2025இல் வழமையான ஆட்டங்களில் எல்லா அணிகளையும்விட அதிகமாக வென்ற மில்வோக்கி அணியே 65 தடவை தோற்றது. 2024இல் 121 ஆட்டங்களில் தோற்ற சிக்காகோ வைற் சொக்ஸ் அணியும் 41இல் வென்றது. ஆறு மாதம் ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் நடப்பதால், நேற்றைய தோல்வியை வைத்துக்கொண்டிருக்க நேரமே கிடைக்காது. நவம்பர் வந்து ஆட்டம் நின்றுபோகும்போதுதான் வலி தங்கிவிடுகிறது. அவன் அழுததற்காக நீங்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை.

பதில் 2: ஓய்வுபெற்ற ஆசிரியை, சுண்டுக்குளி

நான் ஸ்காபரோ அண்ணாவோடு முழுமையாக உடன்படவில்லை. நான் இலங்கைக் கிரிக்கெட் அணியைப் பார்ப்பவள். (அந்த அணியை ஆதரிப்பதில் எங்கள் ஊரில் பலருக்கு மனத்தடை உண்டு, அது தனியாகப் பேச வேண்டிய விடயம்.) 2007, 2009, 2011, 2012 என்று நான்கு உலகக் கிண்ண இறுதியாட்டங்களில் அவர்கள் தோற்றதைப் பார்த்தேன். கொழும்பில், சொந்த மண்ணில், 138 ஓட்டங்களை எட்ட முடியாமல் 101க்கு ஆட்டமிழந்த 2012ஆம் ஆண்டு இரவில் என் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. 2014இல் டாக்காவில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் சங்கக்கார 52 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்று வென்றுகொடுத்தபோது, நான்கு தோல்விகளும் கரைந்துவிட்டன என்று நினைத்தேன். கரையவில்லை. 2023இல் மும்பையில் 55 ஓட்டங்களுக்கு எல்லோரும் ஆட்டமிழந்தபோது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டேன், பல மாதங்கள் திரும்பிப் பார்க்கவுமில்லை.

அப்படி விலகி நிற்பது துரோகமாகாது. ஆதலால், தம்பி, பிள்ளை ஒரு பருவம் முழுக்கப் பார்க்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். “அடுத்த வருடம் கட்டாயம் வெல்வார்கள்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; அந்த உறுதியை எந்த அணியும் காப்பாற்றித் தராது.

பதில் 3: உதைபந்தாட்ட இரசிகர்

எங்கள் ஊர்க் கழகம் இந்த வருடம் ஒரு ஆட்டத்திலும் வெல்லவில்லை. ஆயினும் காலையில் நானே சுண்ணாம்புத் தூள் போட்டு மைதானத்துக்குக் கோடு கீறுகிறேன், பெடியங்களுக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுக்கிறேன். தோற்றாலும் கைக்கு ஒரு வேலை இருக்கிறது. கைபேசியில் பார்ப்பவருக்கு அதுவும் இல்லாததால்தான் ஆற்றாமை கூடுகிறது என்று நினைக்கிறேன். மகனுக்கு ஏதாவது வேலை கொடுங்கள்.

கொக்குவில் வாசகர்

மூவருக்கும் நன்றி. வேலையை அவனே தேடிக்கொண்டுவிட்டான் போலத் தெரிகிறது. பழைய கொப்பியொன்றில் கட்டம் கீறி, அந்த ஏழாவது ஆட்டத்தை இன்னிங்ஸ் வாரியாக எழுதி வைத்திருக்கிறான். ஸ்காபரோ அண்ணாவிடம் அவன் கேட்கச் சொன்னது: ஒன்பதாவது இன்னிங்ஸின் முடிவில், மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்க, மூன்றாம் தளத்திலிருந்து ஓடிய எங்கள் அணியின் கைனர்-பலேபா ஏன் தளத்துக்கு அவ்வளவு அருகில் நின்றார்? சில அடி முன்னால் நின்றிருந்தால் வென்றிருப்போம் அல்லவா?

பதில் 1: ஸ்காபரோவிலிருந்து

நல்ல கேள்வி. தள்ளி நின்றிருந்தால், வேகமாக நேரே பறக்கும் பந்தொன்றை எதிரணி பிடித்தவுடன் அடித்தவரோடு சேர்த்து, தளத்துக்குத் திரும்ப முடியாமல் அவரும் ஆட்டமிழந்திருப்பார்; ஏற்கெனவே ஒருவர் ஆட்டமிழந்திருந்ததால் மூன்று பேராகி இன்னிங்ஸும் அங்கேயே முடிந்திருக்கும். அருகில் நிற்கும்படி பயிற்றுநர்கள் சொல்லியிருந்தார்கள் என்று அவரே பின்னர் கூறினார். பந்து தரையில் உருண்டு ரோஹாஸிடம் போனது. அவர் தடுமாறியபடியே எறிந்தும், கைனர்-பலேபா ஓடி முடிக்குமுன் பந்து ஹோம் தளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மகன் அந்தக் கட்டத்தில் என்ன குறியீடு போட்டிருக்கிறான் என்று படம் எடுத்து அனுப்புங்கள்.