ஷ்டார்ஸினுக்குப் பிடிவாதம் போதுமா?

ஐயா, உங்கள் ஜெர்மன்-தமிழ்ச் சொற்பட்டியலில் ஷ்டார்ஸின், ஹால்ஸ்ஷ்டாரிக், ஹார்ட்நெக்கிக் மூன்றுக்கும் நேரே ‘பிடிவாதம்’ என்றே போட்டிருக்கிறீர்கள். ஆங்கில அகராதிக்காரர்கள் ஸ்டபர்னை வைத்து ஒப்பேற்றினால் நாமும் ஒப்பேற்ற வேண்டுமா?

ஹார்ட்நெக்கிக்கை முதலில் தனியே எடுங்கள். சட்டையில் போகாத கறைக்கும், வாரக்கணக்கில் நிற்காத இருமலுக்கும்கூட ஜெர்மன்காரர்கள் அதைத்தான் சொல்வார்கள், சில சமயம் பாராட்டாகவும் வரும். ‘விடாப்பிடி’ போதும். ஹால்ஸ்ஷ்டாரிக் என்றால் கழுத்து விறைத்த என்று பொருள். யாத்திராகமம் 32:9இல், வேதாகமத்தை ஜெர்மனுக்குக் கொண்டுவந்த லூதர் அந்தச் சொல்லைப் போட்ட இடத்தில் தமிழ் வேதாகமம் ‘வணங்காக் கழுத்துள்ள ஜனங்கள்’ என்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஷ்டார்ஸின்தான் சிக்கல். ஷ்டார் என்பது விறைத்த, அசையாத. இயந்திரவியலில் உருமாறாத பொருளுக்கும் இதே ஷ்டார்தான். 1987இல் சோவியத் சீர்திருத்தங்களைப் பற்றி ஷ்டெர்ன் இதழ் கேட்டபோது, கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான குர்ட் ஹாகர், பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குப் புதுத் தாள் ஒட்டினால் நீங்களும் ஒட்டுவீர்களா என்று திருப்பிக் கேட்டாரே, அந்த மனநிலை. அப்போது அவருக்கு 74 வயது. அந்த மாதிரி ஆட்களுக்கு பெட்டோன்கோப்ஃப், அதாவது கான்கிரீட் மண்டை, என்றே பட்டப்பெயர் உண்டு. பிடிவாதக்காரன் மனசு வைத்தால் பிடியை விடலாம், கான்கிரீட் என்ன செய்யும்?

‘மன இறுக்கம்’ வேண்டாம், அதை ஆட்டிசத்துக்கு எழுதிப் பழகிவிட்டோம். ‘மனவிறைப்பு’ என்றால் எனக்கு அணிவகுப்பில் நிற்கிற போலீஸ்காரர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். என் வாக்கு ‘வளையாமை’க்கு. ஆல்டர்ஸ்ஷ்டார்ஸினுக்கு, அதாவது வயதானபின் வரும் ஷ்டார்ஸினுக்கு, ‘மூப்பு வளையாமை’. ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல்லே கிடையாது, நமக்கோ ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று வயதையும் வளைவதையும் சேர்த்துப் பேசிப் பழக்கம். ஒரு வித்தியாசம், ஜெர்மன் சொல் ஐம்பது வரை நன்றாக வளைந்தவரையும் விட்டுவைப்பதில்லை. என் அப்பா ஊர் ஊராக மாற்றலாகிப் போய், எந்த மெஸ் சாப்பாட்டுக்கும் முகம் சுளிக்காதவர். இப்போது, விளிம்பு நசுங்கிய அந்த எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தால்தான் காபி குடிக்கிறார்.

அப்புறம், ஷ்டோரிஷுக்கு நீங்கள் போட்ட ‘சண்டித்தனமான’ அருமை, நடுரோட்டில் படுத்துக்கொண்ட வண்டிமாடு அப்படியே கண்ணில் தெரிகிறது. யார் சொன்னாலும் அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.