‘ஸ்டாட்டிக் அனாலிசிஸ்’: நிலையான பகுப்பாய்வா, இயக்காப் பகுப்பாய்வா?

ஐயா, வணக்கம். நிரலை ஓட்டாமலே அதன் வரிகளைப் படித்துப் பிழை தேடுவதை ‘ஸ்டாட்டிக் அனாலிசிஸ்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன தமிழ் என்று கேட்டதற்குத் தாங்கள் எழுதியது:

> நிலைமின்னியலில் ‘நிலை’ பழகிய சொல்தானே. ‘நிலையான பகுப்பாய்வு’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

நிலைமின்னியலில் மின்னூட்டம் நகராமல் நிற்கிறது, அதனால் சொல் பொருந்துகிறது. இங்கே ஓடாமல் நிற்பது நிரல், பகுப்பாய்வு அல்ல. ‘நிலையான பகுப்பாய்வு’ என்றால் மாறாத, உறுதியான பகுப்பாய்வு என்றுதான் காதில் விழுகிறது. ‘நிலைப் பகுப்பாய்வு’ என்று சுருக்கினால் சிக்கல் கூடும். வண்டி மென்பொருளில் ‘ஸ்டேட்’ என்பதையும் நிலை என்கிறோம். வண்டிகளின் மின்னணுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரம் வகுத்த, ஏ முதல் டி வரையான ஏசில் என்னும் பாதுகாப்புப் படிகளையும் நிலை என்றே எழுதிவருகிறோம். இன்னொரு சுமையை அந்தச் சொல் தாங்காது.

நான் இருந்த குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பிரேக் மிதியின் உணரி 12 பிட், மதிப்பு 0 முதல் 4095 வரை. அதை 20ஆல் பெருக்கி, 65535 வரை மட்டுமே கொள்ளும் 16 பிட் மாறியில் போட்டிருந்தோம். பாதி மிதித்தால் 2000 × 20 = 40000, சரி. 3276 வரையும் சரி. 3277 வந்ததும் விடை 65540. மாறி வழிந்து, 65536 போக மீதி 4 என்று நிற்கும். முழுதாக மிதித்தாலும் 16364தான், பாதி மிதியைவிடக் குறைவு! மேசையில் சோதித்தபோது நாங்கள் முக்கால்வாசிக்கு மேல் மிதியை அழுத்தவே இல்லை. பிழையைப் பிடித்தது பகுப்பாய்வுக் கருவி. அது நிரலை ஓட்டவில்லை. உள்ளே வருவது 0 முதல் 4095 என்று எடுத்துக்கொண்டு, வரிவரியாக வீச்சைக் கணக்கிட்டுப் போய், அந்தப் பெருக்கலில் சிவப்புக் கோடு போட்டது. அதன்பிறகு யார் எந்தத் திருத்தத்தைச் சேர்த்தாலும் சர்வரே எடுத்து ஆராய்ந்து, மிஸ்ரா சி (சி மொழியில் பாதுகாப்பாக நிரல் எழுதுவதற்கான விதித்தொகுப்பு) விதி மீறியிருந்தாலும் சேர்த்துச் சொல்லி, திருப்பி அனுப்பும்படி செய்துவிட்டோம்.

ஆக, சொல்லில் தெரிய வேண்டியது ‘ஓட்டாமல்’ என்பதே. ‘ஓட்டாப் பகுப்பாய்வு’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். வண்டித் துறையில் ‘சோதனை ஓட்டம்’ சாலையில் நடப்பது, குழப்பும். ‘இயக்குமுன் ஆய்வு’ அழகாக இருக்கிறது, ஆனால் பொய்: பல ஆண்டுகளாகச் சாலையில் ஓடும் நிரலையும் இப்படி ஆராய்கிறோமே.

என் பரிந்துரை: இயக்காப் பகுப்பாய்வு. அழியாப் புகழ், வாடா மலர் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். கருவிக்கு ‘இயக்காப் பகுப்பாய்வி’.

‘சோதனை’ என்று மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சோதனை ஒன்று முடிந்துவிட்டது என்று யாராவது நினைத்தால், மிதியை முழுதாக அழுத்திப் பார்க்கும் வேலை நின்றுபோகும்.

---

தம்பி,

பிரேக் கணக்கைப் படித்தபின் ‘நிலையான’ என்பதை விட்டுவிட்டேன். ஆனால் இதற்கு எதிரான, நிரலை ஓட்டிப் பார்த்து ஆராயும் ‘டைனமிக் அனாலிசிஸ்’ என்பதற்கு ‘இயக்கப் பகுப்பாய்வு’ என்று பலர் எழுதுவார்கள். இயக்கா, இயக்க: ஒரு நெடில்தான் வேறுபாடு. போனில் சொன்னால் எதிர்ப்பொருள் போய்ச் சேரும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அது கூடாது.

---

ஐயா,

நியாயம்தான், இதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் எதிர்ச்சொல்லை மாற்றுவோம். ‘ரன் டைம்’ என்பதை இயக்கநேரம் என்று எழுதுகிறோம் அல்லவா? ‘இயக்கநேரப் பகுப்பாய்வு’ என்று வைத்தால் காதும் ஏமாறாது. கூடவே, கருவி தவறாகக் கூவுவதற்குப் ‘பொய் எச்சரிக்கை’, பார்க்காமல் விட்டதற்குத் ‘தப்பிய பிழை’ என்று சேர்த்திருக்கிறேன். ஒரு பிழையையும் தப்பவிடாத பகுப்பாய்வை ‘சவுண்ட்’ என்கிறார்களே, அதற்கு ‘வழுவிடா’ என்பது சரியா, ‘முழுவுறுதி’ சரியா? தங்கள் கருத்து வந்ததும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.