சங்கக் கட்டடச் சுவர்கள்: நம்ம பக்கத்து ஓவியர்களுக்கு வாடகை கொடுத்தே மாட்டுவோம்

எல்லார்த்துக்கும் வணக்கமுங்க.

ஊர்ல வெள்ளை அடிச்சு முடிஞ்ச நம்ம சங்கக் கட்டடத்தோட போட்டோக்களைப் பார்த்தேன். கீழே பிசியோதெரபி அறை, பக்கத்துல மருந்துக்குக் காத்திருக்கற கூடம், மேலே படிப்பகம். சுவரெல்லாம் வெறுமையா இருக்குது, அருவிப் படமும் நன்கொடையாளர் போட்டோக்களும் வினைல்ல அடிச்சு ஒட்டிரலாமான்னு பொருளாளர் மாமா கேட்டிருந்தாரு. நன்கொடை கொடுத்தவங்க பேரு வாசல் கல்வெட்டுலயே இருக்குதுங்க மாமா, அது போதும். மத்த சுவர்கள்ல நம்ம பக்கத்து ஓவியர்கள் வரைஞ்சதை மாட்டலாம். இனாமா வேண்டாம். இரவலா வாங்கி, மாசாமாசம் வாடகை கொடுத்து மாட்டலாம்.

வாடகைங்கறதுதான் பலருக்கும் இடிக்கும்னு தெரியும். "ஊருக்காக ஒண்ணு வரைஞ்சு கொடுங்கன்னா மாட்டேன்னா சொல்லுவாங்க?"ன்னு கேப்பீங்க. மாட்டாங்க, கொடுப்பாங்க. அதனாலதான் நாம கேக்கக் கூடாது. கொத்தனாருக்கும் டைல்ஸ் ஒட்டுனவருக்கும் வயரிங் பார்த்தவருக்கும் வாரக் கூலி எண்ணிக் கொடுத்தோம். ஊருக்காகச் சும்மா செய்யுங்கன்னு அவங்க யாரையும் கேக்கல. படம் போடறவரைப் பார்த்தா மட்டும் ஏன் நமக்குக் கேக்கத் தோணுது? வண்ணம், கேன்வாஸ், சட்டம் எல்லாம் அவரு கைக்காசு.

நம்ம பக்கத்துல ஓவியம் முறையாப் படிக்கணும்னா பிள்ளைங்க சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ அரசு கவின்கலைக் கல்லூரிக்குப் போகணும். படிச்சுட்டுத் திரும்பி வந்தா என்ன வேலை? 2012ல் தமிழக அரசு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களைப் பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துச்சு, ஓவியம் சொல்லித் தர்றவங்களும் அதுல உண்டு. ஆரம்பச் சம்பளம் மாசம் 5,000 ரூபாய். போர்டு எழுதிப் பிழைச்சவங்க வேலையை பிளக்ஸ் கொண்டு போயிருச்சு. நாமக்கல் கவிஞரை எடுத்துக்குங்க. மோகனூர்ல பிறந்த அந்த மனுசன் பாட்டால பேரு வாங்கறதுக்கு முந்தி படம் வரைஞ்சு சம்பாதிச்சவரு. கோட்டையில பத்து மாடிக் கட்டடத்துக்கே அவரு பேரு வெச்சிருக்காங்க. ஆனா அவரு ஓவியருங்கறது நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் லண்டன்ல பிசியோதெரபிஸ்ட்டா இருக்கறதால கீழ் அறையைப் பத்திக் கொஞ்சம் உரிமையோடயே பேசறேன். இங்கே 'பெயின்டிங்ஸ் இன் ஹாஸ்பிடல்ஸ்'னு ஒரு அறக்கட்டளை 1959லிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு ஓவியம் இரவல் கொடுத்துட்டு இருக்குது. ரோஜர் உல்ரிச் 1984ல் 'சயன்ஸ்' இதழ்ல எழுதுன ஆய்வு ஒண்ணு எங்க தொழில்ல பலருக்கும் தெரியும். அமெரிக்காவுல, பென்சில்வேனியாவுல ஒரு ஆஸ்பத்திரி. பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேரோட பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாரு. ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச 23 பேரு, செங்கல் சுவர் மட்டும் தெரிஞ்ச 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தாங்க, வீரியமான வலி மருந்தும் அவங்களுக்குக் கம்மியாத்தான் தேவைப்பட்டிருந்துச்சு. அது ஜன்னல்தான், ஓவியம் இல்லை. படம் மாட்டுனா மூட்டுவலி போயிரும்னு நான் சொல்ல வரல. ஆனா முழங்காலை மடக்க முடியாம வலியில கிடக்கற ஒரு ஆத்தாவுக்கு, எதிர்ச் சுவர்ல பனங்காடோ மேட்டாங்காட்டுச் சோளமோ தெரிஞ்சா கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். எங்கேயோ இருக்கற அருவியோட பிரிண்ட் அதைச் செய்யாது.

எந்தச் சுவர்ல எதை மாட்டறதுங்கறதை அவசரப்படாம முடிவு பண்ணணும். காத்திருக்கற கூடத்துல பெஞ்சு போட்டிருக்கற பக்கம் மாட்டவே கூடாது. நம்ம ஊர்ல எந்த ஆஸ்பத்திரியையும் பாருங்க, பெஞ்சுக்குப் பின்னால தலை சாயற உயரத்துக்கு வரிசையா எண்ணெய்க் கறை இருக்கும். படம் எதிர்ச் சுவருக்குத்தான். பொதுவா நின்னு பார்க்கறவங்களுக்குப் படத்தோட நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் உயரத்துல வரணும்பாங்க. கூடத்துல உக்காந்தே பார்க்கறாங்க, அதனால ஒரு சாண் இறக்கிக்கலாம். பிசியோதெரபி அறையில படுக்கைக்கு நேரா, இன்னும் கொஞ்சம் இறக்கி.

மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ல சித்திரை வெயில் சாயங்காலம் முழுக்க விழும். அங்கே வாட்டர்கலர் மாட்டுனா நிறம் வெளுத்துப் போயிரும். கல்லுச் சிற்பம் அந்தப் பக்கம் இருக்கட்டும். மாடித் தண்ணித் தொட்டிக்குக் கீழே வர்ற சுவர்ல ஐப்பசி மழையில ஓதம் ஏறுதான்னு ஒரு மழைக்காலம் பார்த்துட்டுத்தான் எதுவும் மாட்டணும். காகிதத்துல வரைஞ்சதா இருந்தா கண்ணாடி படத்தைத் தொடாம நடுவுல மவுண்ட் அட்டை வெக்கச் சொல்லுங்க. ஒட்டிக்கிட்டிருந்தா ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். பின்னட்டையைச் சுத்தியும் டேப் போட்டு அடைக்கணும், இல்லாட்டி ராமபாணப்பூச்சி உள்ளே போயிரும். ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் ஆணி அடிச்சுச் சுவரைக் கெடுக்காம, உச்சியில ஒரு அலுமினியம் சேனல் ஓட்டி, அதுலிருந்து கம்பி தொங்க விட்டா வேலை முடிஞ்சுது.

படிப்பகம் வேற மாதிரி. டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை, நாலு பேரு புத்தகம் புரட்டுனாலே எதிரொலிக்கும். அங்கே பெரிய சுவர்ல பவானி ஜமக்காளம் ஒண்ணு, நல்ல வண்ணப் பட்டைகளோட, தறியிலிருந்தே நேரா வாங்கித் தொங்க விடலாம்னு எனக்கு ரொம்ப ஆசை. சத்தத்தையும் உறிஞ்சும். நெய்தவங்க பேரைப் பக்கத்துல எழுதி வெக்கணும். திருமுருகன்பூண்டிச் சிற்பிங்ககிட்டயும் கேக்கலாம். கோயில் சிலைகளுக்கு நடுவுல, தங்களுக்குன்னு செதுக்குன சின்னக் கல்லு ஏதாச்சும் பட்டறை ஓரத்துல கிடக்கும்.

அப்புறம் உருவாரம், அதாவது மண்ணுல செய்யற மாடு கன்னு உருவங்க. சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கலப்போ மாடு கன்னு நல்லா இருக்கணும்னு மண் உருவாரம் வாங்கி வெப்போமே, அதைச் செய்யற குயவர்கள் கையில இருக்கற வளைவு எந்தக் கல்லூரியிலயும் சொல்லித் தர முடியாதுங்க. காளையோட திமிலைக் கட்டைவிரலால ஒரே இழுப்புல மேலே தூக்கி, அதே ஈரத்துல கழுத்தோட சேத்துருவாங்க. கோயில்ல வெச்ச உருவாரத்தை எடுத்துட்டு வர்றது முறையில்லை. நம்ம கட்டடத்துக்குன்னு புதுசாச் செய்யச் சொல்லி, முழு விலை கொடுத்து, பிள்ளைங்க கைக்கு எட்டற மாடத்துல வெக்கணும். உடைஞ்சா இன்னொண்ணு வாங்கலாம்.

எதுவா இருந்தாலும் காகிதத்துல எழுதிக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு முறை மாத்தறது, வாடகை எவ்வளவு, சேதமானா சங்கம் எவ்வளவு கொடுக்கும், கொண்டு வர்ற திருப்பி அனுப்பற செலவு யாருது, எல்லாமும். யாராச்சும் விலைக்குக் கேட்டா முழுப் பணமும் ஓவியருக்கே போகட்டும், சங்கம் கமிஷன் எடுக்கக் கூடாதுங்கறது என் அபிப்ராயம். 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, நாம காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லாட்டிப் பதிப்புரிமை நம்ம பக்கம் வந்துரும். ஓவியருக்கே இருக்கும்னு எழுதிக் கொடுத்துரலாம். பொங்கல் காலண்டர்ல போடணும்னா தனியா அனுமதி, தனியாப் பணம்.

விலைக்கு வாங்கிட்டா நம்ம இஷ்டம்னும் நினைக்க வேண்டாமுங்க. டெல்லி விஞ்ஞான் பவன்ல அமர்நாத் சேகல் செஞ்ச பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979ல் பிரிச்சு எடுத்து கோடவுன்ல போட்டுட்டாங்க. அவரு வழக்குப் போட்டு நடத்துனாரு. மிச்சம் இருக்கறதை அவருகிட்டயே திருப்பிக் கொடுக்கணும், 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கணும்னு 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுச்சு. காசு கொடுத்து வாங்குன அரசாங்கத்துக்கே அந்த நிலைமை. படிப்பகத்துல அலமாரி வெக்கணும்னு ஒருத்தரோட ஓவியத்தைக் கழட்டி மாடிப்படிக்குக் கீழே போடற நிலைமை நம்ம கட்டடத்துல வரவே கூடாது.

செலவு: ஒரு படத்துக்கு மாசம் 500 ரூபாய், பத்துப் படம்னா வருசத்துக்கு 60,000. சேனல், விளக்கு, சட்டம் தனி. முதல் ஆறு மாச வாடகை 30,000ஐ எங்க வீட்டிலிருந்து கொடுக்கறோம். மீதியைச் சந்தாவிலிருந்து எடுக்கச் சம்மதமான்னு இந்த மடலுக்கே பதில் போடுங்க.

ஊர்ல இருக்கற செயலாளர் அண்ணன் சுவர்களோட நீள அகலமும் ஜன்னல் எந்தத் திசைங்கறதும் குறிச்சு அனுப்புங்க. உடுமலை, தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கம் படம் போடறவங்களைத் தெரிஞ்சவங்க, அவங்ககிட்டக் கேட்டுட்டு எனக்குத் தனி மடல்ல எழுதுங்க. பேசும்போது வாடகை உண்டுங்கறதை முதல்லயே சொல்லிருங்க.