சாவு வீட்டில் கேமரா: நீலகிரிப் பக்கம் எடுத்தவர்கள் சொல்லுங்கள்

மலைப்பாதை:
கோத்தகிரிப் பக்கம் நண்பனின் அம்மா இறந்தபோது, அவன்தான் கேமராவோடு வரச் சொன்னான். அந்த வீட்டுக் கல்யாணம், தேயிலை பறிப்பு எல்லாம் ஏற்கெனவே எடுத்திருக்கிறேன். நீலகிரிப் படகர் சமூகத்தில் சாவு எப்படி நடக்கும் என்று இங்கே பலருக்கும் தெரியும், அதை விடுங்கள். மகள் கட்டிலில் தலைசாய்த்துக் கதறிக்கொண்டிருந்தார். எடுத்தேன். சட்டென்று அழுகையை நிறுத்தி, அம்மாவின் நெற்றியில் விலகியிருந்த வெள்ளைத் துணியை இழுத்துவிட்டு, என்னைப் பார்த்து "இப்ப எடுங்க தம்பி" என்றார். அதையும் எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து மறுபடி கதறினார். இரண்டாவது படத்தில் துக்கமே இல்லை, போட்டோவுக்கு நிற்கிற முகம். தொகுப்பில் எதை வைப்பது?

ஹட்டிக்காரன்:
போட்டோவுக்கு நிற்கிற முகம் என்றால் என்ன குறைச்சல்? பழைய ஆட்கள் பலருக்குச் சாவன்று ஸ்டுடியோக்காரர் எடுத்த படம்தான் ஒரே படம். அவர் சொல்லி எடுத்ததை வையுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. என் பாட்டிக்குக் கரு ஹரசோது (செத்தவரின் பாவம் நீங்க வேண்டிச் சொல்கிற சடங்கு) நடந்தபோது வெளியூர்க்காரர் ஒருவர் படம் எடுத்தார். பெரியவர் பாவங்களைச் சொல்லச் சொல்ல, கூட்டம் "பாவம்" என்று திருப்பிச் சொல்லும்: பாம்பைக் கொன்றது, பல்லியைக் கொன்றது, எல்லைக்கல்லை நகர்த்தியது. யார் செத்தாலும் இதே பட்டியல்தான். அந்த மனுஷர் படத்துக்குக் கீழே "இந்த மூதாட்டி செய்த பாவங்கள்" என்று எழுதிவிட்டார்! என் பாட்டி யார் எல்லைக்கல்லையும் நகர்த்தவில்லை.

நிழல்பெட்டி:
கொடைக்கானல் மேல்மலையில் ஒரு சாவில் என் ஷட்டர் சத்தத்துக்கு மொத்தக் கூட்டமும் திரும்பியது. அதனால் சொல்கிறேன்: உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்குங்கள், சத்தமே வராத சைலண்ட் ஷட்டரில் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பனிமூட்டத்தில் வெளிச்சம் திரும்பி அடித்துப் படம் வெளுத்துவிடும். 35 எம்எம் லென்ஸ் போதும். டெலி லென்ஸ் போட்டுத் தூரத்திலிருந்து எடுப்பது ஒளிந்து பார்க்கிற மாதிரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பிரிண்ட் கொடுங்கள். அமெரிக்காவில் கென்டக்கி மலைக் குடும்பங்களைப் பல வருடம் எடுத்த ஷெல்பி லீ ஆடம்ஸ், பெரிய 4x5 அங்குல ஃபிலிம் கேமராவை எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தி, உடனே பிரிண்ட் வருகிற போலராய்டு எடுத்து அந்த இடத்திலேயே காட்டுவார். அந்த மலையிலேயே பிறந்தவர். அவரையே ஏழ்மையைக் காட்சிப்பொருளாக்கினார் என்று திட்டினார்கள். அதே கென்டக்கியில் 1967ல், தன் இடத்தில் குடியிருந்தவர்களைப் படம் பிடித்த ஹியூ ஓ'கானர் என்ற திரைப்பட இயக்குநரை நிலச் சொந்தக்காரர் சுட்டே கொன்றார். கேட்காமல் எடுக்காதீர்கள்.

ஹட்டிக்காரன்:
கூப்பிட்டுத்தானே போயிருக்கிறார். முதல் பதிவைப் படித்தீர்களா?

மலைப்பாதை:
நான் லென்ஸ் பற்றிக் கேட்கவே இல்லையே அண்ணா. பிரிண்ட் இரண்டும் அப்போதே கொடுத்தாயிற்று. ஹட்டிக்காரன் சொல்வது சரிதான். ஆனால் "இப்ப எடுங்க" என்றவர் அந்தப் படத்தைப் பீரோவில் வைத்துவிட்டு, கதறுகிற படத்தைத்தான் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். குழப்பமே அதனால்தான்.