வண்டி பெட்ரோல் குடிக்கிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து:

ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார். லிட்டருக்கு 15 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்த வண்டி, போன வருடம் மெல்ல மெல்ல 11-க்கு வந்து நின்றது. மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அதாவது 18 லிட்டர் தண்டம்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "எத்தனால் சார்." 20 சதவீதக் கலப்பு வந்ததிலிருந்து வண்டிக்கு வரும் எல்லா நோய்க்கும் அதுதான் காரணம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், அது உண்மை. ஆனால் அதற்கு முன்பே 10 சதவீதம் கலந்துதானே விற்றார்கள்? 10 என்பது 20 ஆனதற்கு மூன்று நான்கு சதவீதம் குறையலாம். 15 பதினாலரை ஆகும். 11 எப்படி ஆகும்?

சர்வீஸுக்கு விட்டேன். பிளக் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள், இன்ஜெக்டர் கிளீனிங் என்று தனியாக ஒரு வரி. மொத்தம் 6,400 ரூபாய். டேங்கை ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, 372 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் அதே பம்ப்பில் மறுபடி நிரப்பினேன். 33.1 லிட்டர் பிடித்தது. 11.2. பில் மட்டும்தான் புதிது.

விஷயம் பிடிபட்டது கொடைக்கானலில். இரவு குளிருக்கு ஹீட்டரைப் போட்டால் வெதுவெதுப்பாகக்கூட வரவில்லை. திருச்சியில் யார் ஹீட்டர் போடுவார்கள்? அதனால் எத்தனை மாதமாக இப்படியோ. மறுநாள் மலை இறங்கும்போது டேஷ்போர்டில் அந்த நீல விளக்கு எரிந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எரிந்து, எஞ்சின் சூடானதும் அணைந்துவிடுமே, அதேதான். ஒரு மணி நேரம் ஓடிய வண்டியில் அது மறுபடி எரிகிறது!

நண்பர் ஒருவரிடம் ஓபிடி ஸ்கேனர் (எஞ்சின் கம்ப்யூட்டரில் உள்ள விவரங்களைப் படித்துக் காட்டும் கருவி) இருந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் பார்த்துக்கொண்டே தஞ்சாவூர் ரோட்டில் போனோம். கோளாறைச் சொல்லும் எரர் கோட் எதுவும் காட்டவில்லை. ஆனால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் சூடு 64, 66 டிகிரி. அதற்கு மேல் ஏறவே இல்லை. 85-ஐத் தாண்டி நிற்க வேண்டியது. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஊருக்குள் டிராஃபிக்கில் கொஞ்சமாவது சூடேறும். ஹைவேயில் காற்று அடித்து ரேடியேட்டர் குளிர்ந்துவிடும். ஹைவேயிலும் மைலேஜ் ஏறாததற்குக் காரணம் இதுதான்.

பிரித்துப் பார்த்தால் தெர்மோஸ்டாட் வால்வே உள்ளே இல்லை. எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அதுதான். முந்தைய கோடையில் பெரம்பலூர் பக்கம் ஹோஸ் வெடித்து, வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்தேன். அங்கேதான் கழற்றியிருக்க வேண்டும், வேறு யாரும் அந்தப் பக்கம் கை வைக்கவில்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று நம் ஆட்கள் கழற்றிப்போடுவது புதிதல்ல. கம்ப்யூட்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டியில் அது ஓரளவுக்குச் செல்லுபடியானது.

புது வால்வு, ஓ-ரிங், கூலன்ட் எல்லாம் சேர்த்து 2,000-க்குள் முடிந்தது. அடுத்த டேங்க்: 418 கிலோமீட்டர், 27.6 லிட்டர். 15.1.

கோயம்புத்தூரிலிருந்து:

எனக்கு நேர்மாறு, கோளாறு எஞ்சினிலேயே இல்லை. 17 கொடுத்த வண்டி 14 ஆனது. எஞ்சின் பக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. பொள்ளாச்சி போய் வந்து இறங்கும்போது முன் இடது வீலிலிருந்து கருகல் வாடை. பக்கத்தில் கை கொண்டுபோகவே முடியவில்லை. வலது வீல் சாதாரண சூடுதான். ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் இடது வீல் அரைச் சுற்றுகூடப் போகாமல் நின்றது. பிரேக் காலிப்பரின் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிவிட்டது. காலை எடுத்தாலும் பேட் டிஸ்கை விடுவதில்லை. அதாவது நான் ஆறு மாதமாக ஒரு காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். பின்னைக் கழற்றித் தேய்த்து கிரீஸ் போட்டார்கள், ஒரு செட் பேட் புதிது.

லேசான சரிவில் நியூட்ரல் போட்டு, காலை பிரேக் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு விட்டுப் பாருங்கள். தானாக உருள வேண்டும். என் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, அதைக்கூட நான் கவனிக்கவில்லை. டயர் காற்றையும் சேர்த்துப் பாருங்கள், அது ஓசி.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்களுக்கு 2022-ஐ மறக்கேலாது. பெற்றோல் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். அதற்கு முதல் வாகனம் எவ்வளவு குடிக்குது என்று நான் கணக்கே பார்த்ததில்லை. 20 லீற்றருக்கு 160 கிலோமீற்றர்தான் ஓடுது என்று கண்டபோது நெஞ்சு பதறிப் போச்சு. ஐடிலில் நிற்கும்போது பின்னுக்குப் பெற்றோல் மணம், சைலன்சர் வாயில் கையை வைத்தால் கன்னங்கரிய கரி. கராஜ்காரர் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார், நாலும் கறுப்பு. ஒட்சிசன் சென்சர் பழுது. புகையில் ஒட்சிசன் கூடுதலா இருக்குது என்று அது பொய் சொல்ல, கம்பியூட்டர் அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கு. அந்த நேரம் சாமான் எடுக்கிறதே பெரும்பாடு. மூன்று கிழமை சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன். சென்சர் மாத்தின பிறகு 20 லீற்றருக்கு 230 ஓடினது.

திருச்சி அண்ணை, ஒரு கேள்வி. வால்வு திரும்பப் போட்ட பிறகு வெயிலுக்கு எஞ்சின் கொதிக்கேல்லையா? இங்கேயும் சில கராஜில் கழற்றித்தான் விடுகினம்.

திருச்சியிலிருந்து:

இல்லை தம்பி. இந்த மே மாதம் அதே பெரம்பலூர் ரோட்டில் மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போட்டு, ஸ்கேனரைச் செருகியபடியே போனேன். 88, 90, அதற்கு மேல் போகவில்லை. டோல்கேட் வரிசையில் 96 வந்தது, ஃபேன் ஓடியது, இறங்கிவிட்டது. எனக்கும் அந்தப் பயம் இருந்ததால், போடுவதற்கு முன் வால்வைப் பால் காய்ச்சும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்த்தேன். அதன் மேல் 82 என்று பொறித்திருக்கும், அந்தச் சூட்டுக்குத் திறக்கத் தொடங்க வேண்டும். திறந்தது. அந்தப் பாத்திரம் இப்போது கார் டிக்கியில் இருக்கிறது. வீட்டுக்குள் எடுத்துவர அனுமதி இல்லை.