ஸ்கிரீன்ஷாட்டை டெர்மினலிலிருந்து நேரே பிரிண்டருக்கு அனுப்பலாமா?

லேப்_உதவியாளர்

எங்கள் பாலிடெக்னிக்கின் லினக்ஸ் லேபில் ஒரே ஒரு பிரிண்டர், நெட்வொர்க்கில் இருக்கும் கறுப்பு வெள்ளை லேசர். ரெக்கார்டு நோட்டில் நிரலைக் கையால் எழுதி, எதிர்ப்பக்கத்தில் அவுட்புட்டை ஒட்டவேண்டும். இப்போது மாணவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, லிப்ரே ஆபிஸ் ரைட்டரைத் திறந்து, படத்தை ஒட்டி, ஓரத்தைப் பிடித்து இழுத்து அளவு சரிசெய்து, அப்புறம் பிரிண்ட் கொடுக்கிறார்கள். பிராக்டிகல் வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம் இதிலேயே போய்விடுகிறது.

டெர்மினலில் ஒரு கட்டளை அடித்தால் திரை பிடிபட்டு அச்சாகி வரவேண்டும். பழைய கணினிகளில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், புதியவற்றில் உபுண்டுவோடு வரும் க்னோம் டெஸ்க்டாப். எல்லாக் கணினியிலும் மாணவர்களுக்குப் பொதுவான ஒரே லாகின். எப்படிச் செய்வது? அதைவிட முக்கியம், செய்யலாமா?

பைப்_பாண்டி

தாராளமாகச் செய்யலாம். யூனிக்ஸ் உலகம் இதற்காகவே வைத்திருக்கிற வழி இது. திரையில் விண்டோக்களைக் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ் விண்டோவில் பல காலமாகவே எக்ஸ்டபிள்யூடி திரையைப் பிடிக்கும், எக்ஸ்பிஆர் அதைப் பிரிண்டர் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆக்கும், எல்பிஆர் அச்சிடும். ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாகத் தரும் பைப்பால் மூன்றையும் இணைத்தால் வேலை முடிந்தது, நடுவில் ஒரு கோப்புகூடத் தேவையில்லை.

இன்றைக்கு இன்னும் சுருக்கம். இமேஜ்மேஜிக்கில் இருக்கும் இம்போர்ட் கட்டளைக்கு ரூட் விண்டோவை, அதாவது முழுத் திரையை, பிடிக்கச் சொல்லி, வெளியீட்டை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கு பிஎன்ஜியாகத் தரச் சொல்லுங்கள். அதை அப்படியே அச்சிடும் கட்டளையான எல்பிக்குப் பைப் செய்யுங்கள். வந்தது பிஎன்ஜி என்று லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸ் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஃபிட்-டு-பேஜ், லேண்ட்ஸ்கேப் இரண்டையும் எல்பிக்கு ஆப்ஷனாகக் கொடுங்கள். இதை ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்டாக்கி யூஸ்ஆர்-லோக்கல்-பின் (/usr/local/bin) கோப்புறையில் போட்டுவிட்டால் மாணவர் ஒரு சொல் அடித்தால் போதும்.

கோர்ட்டு_வீதி

பாண்டி அண்ணா, இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நேரே பிரிண்டருக்குப் போகும் படத்தை யாரும் பார்க்கவில்லை. கட்டளை அடித்த டெர்மினலே படத்தில் முன்னால் நிற்கும், அவுட்புட் அதன் பின்னால் மறைந்திருக்கும். இன்னொரு மாணவர் மின்னஞ்சலைத் திறந்து வைத்திருப்பார், அதுவும் தாளில் வரும். டெர்மினல் கறுப்புப் பின்னணியில் இருந்தால் தாள் முழுவதும் டோனர். முதலில் கோப்பாகச் சேமிக்கவேண்டும், கண்ணால் பார்க்கவேண்டும், அப்புறம்தான் அச்சு.

நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுத்தால் சான்றிதழ் இணைக்கவேண்டும். அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், எழுத இடம் இருக்கிறது. கோப்பே இல்லாமல் பைப் வழியாகப் போன படத்துக்கு எதை வைத்து ஹாஷ் எடுப்பது? கோப்பு இருந்தால் எஸ்எச்ஏ-256 ஹாஷ் கணக்கிட ஒரு வரி போதும். கையில் தாள் மட்டும் இருந்தால் அது வெறும் தாள்தான்.

பைப்_பாண்டி

ரெக்கார்டு நோட்டை யாரும் நீதிபதி முன்னால் வைக்கப்போவதில்லை தம்பி. கேட்டவரின் தேவையிலேயே நிற்போம்.

நீங்கள் சொன்ன முதல் குறைக்கு விடை இருக்கிறது. கட்டளைக்கு முன் ஸ்லீப் 5 போட்டால் ஐந்து நொடி கிடைக்கும், மாணவர் தன் விண்டோவை முன்னால் கொண்டுவந்துவிடலாம். ஸ்க்ராட் என்ற ஸ்கிரீன்ஷாட் கருவியைப் பயன்படுத்தினால் இன்னும் எளிது. மைனஸ் டி (-d) என்று நொடிகளைக் கொடுக்கலாம். மைனஸ் யூ கொடுத்தால் ஃபோகஸில் இருக்கும் விண்டோவை மட்டும் பிடிக்கும், மின்னஞ்சல் வராது. கோப்பு வேண்டுமென்றால் பைப்பின் நடுவே டீ கட்டளையைச் செருகுங்கள். படம் கோப்பிலும் விழும், பிரிண்டருக்கும் போகும். பிரிண்டர் நின்றுபோனாலும் கோப்பு இருக்கும். இதற்குமேல் என்ன வேண்டும்?

சி_மிஸ்

நீங்கள் இருவரும் படத்தை எப்படி அனுப்புவது என்று சண்டை போடுகிறீர்கள். படமே எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே.

நான் இதே மாதிரி லேபில் சி பாடம் எடுப்பவள். எங்கள் பிராக்டிகல்களில் பெரும்பாலானவற்றின் அவுட்புட் வெறும் எழுத்து. அதைப் படமாக்கி, படத்தைச் சுருக்கி, தாளில் அச்சிட்டால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 பிக்சல் அகலமான திரையை ஏ4 தாளின் நேர்வாக்கில் ஏழரை அங்குலத்துக்குள் அடைத்தால் அங்குலத்துக்கு 256 பிக்சல். திரையில் 16 பிக்சல் உயரமுள்ள எழுத்து தாளில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு, அதாவது நாலரை பாயிண்ட். படுக்கை வாக்கில் வைத்தாலும் ஆறரை பாயிண்ட்தான். மாலையில் ஒரு கட்டு நோட்டைத் திருத்துகிறவர்கள் இந்த எழுத்தைப் படிக்கவேண்டும். ஃபிட்-டு-பேஜ் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, எங்கள் கண்ணையும் நினையுங்கள்.

எழுத்தாகவே அச்சிடுங்கள். எல்பிக்கு ஒரு டெக்ஸ்ட் கோப்பைக் கொடுத்தால் கப்ஸ் அதை அச்சிடும். சிபிஐ (cpi), எல்பிஐ (lpi) ஆப்ஷன்களால் எழுத்தின் நெருக்கத்தையும் வரி நெருக்கத்தையும் மாற்றலாம். தெளிவாக வரும், டோனரும் மிச்சம்.

பைப்_பாண்டி

மேடம் சொல்வது சரிதான், அதுவும் ஒரு பைப் வேலைதானே. நிரலை ஓட்டி, வெளியீட்டை டீ வழியாகக் கோப்புக்கும் எல்பிக்கும் அனுப்பிவிடலாம்.

சி_மிஸ்

அது இங்கே சரிவராது. மாணவர்கள் எழுதுவது ஸ்கேன்எஃப் வைத்து எண்ணை வாங்கும் நிரல்கள். விசைப்பலகையில் தட்டிய எண்ணைத் திரையில் காட்டுவது டெர்மினல். நிரலின் வெளியீட்டில் அது இல்லை. ஆகவே டீ எழுதும் கோப்பில் கேள்வி இருக்கும், மாணவர் கொடுத்த பதில் இருக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியீடு பைப்புக்குப் போகிறது என்று தெரிந்தால் சி நூலகம் அதைப் பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், சேர்த்து வைக்கும். "எண்ணைக் கொடுக்கவும்" என்ற வரி திரையில் வராமலே நிரல் காத்துக்கொண்டிருக்கும், பிள்ளைகள் நிரல் தொங்கிவிட்டது என்று கண்ட்ரோல்-சி அடிப்பார்கள்.

இதற்கு ஸ்கிரிப்ட் என்றே பெயருள்ள கட்டளை இருக்கிறது. அது ஒரு போலி டெர்மினலைத் திறந்து, அதில் தெரிவது எல்லாவற்றையும், தட்டியது உட்பட, கோப்பில் பதிவு செய்யும். வண்ணக் குறியீடுகளும் சேர்ந்து வரும் என்பதால் வண்ணமில்லாத ப்ராம்ப்ட் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றபடி ரெக்கார்டு நோட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

தமிழ்_எழுத்துரு

மிஸ், ஒரு திருத்தம் சேர்க்கிறேன். அவுட்புட்டில் தமிழ் இருந்தால் எழுத்துவழி அச்சில் கவனம் தேவை. பலர் பழக்கத்தில் பரிந்துரைக்கும் என்ஸ்கிரிப்ட் என்ற அச்சுக் கருவிக்கு, தமிழைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கம் தெரியாது. பேப்ஸ் என்ற கருவி பாங்கோ நூலகத்தை வைத்து எழுத்தை அடுக்குவதால் கொம்பும் காலும் சரியான இடத்தில் வரும். டெர்மினலிலேயே தமிழ் உடைந்து தெரியும் இடங்கள் நிறைய உண்டு. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் உடைந்தபடியே தாளுக்கு வரும், பேப்ஸ் வழியாகப் போனால் ஒழுங்காக வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மிஸ் பக்கம்.

பழைய_டாஸ்

பிரிண்ட் ஸ்கிரீன் என்று விசைப்பலகையில் எழுதியிருப்பதே நேரே அச்சிடத்தான். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஷிஃப்டோடு சேர்த்து அந்த விசையை அழுத்தினால் பயாஸ் என்ற அடிப்படை நிரலின் 5ஆம் இன்டரப்ட் ஓடி, திரையில் இருப்பதை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பும். கோப்பும் இல்லை, கேள்வியும் இல்லை. அப்போது யாரும் பயப்படவில்லை. நான் பாண்டி பக்கம்.

சி_மிஸ்

ஐயா, அங்கே பிரிண்டருக்குப் போனது எழுத்து. கிராஃபிக்ஸ் திரையை அச்சிடவேண்டும் என்றால் டாஸில் கிராஃபிக்ஸ் என்ற கட்டளையை முன்கூட்டியே ஏற்றி வைக்கவேண்டும். நீங்கள் கொடுத்த உதாரணம் என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது.

லேப்_உதவியாளர்

மிஸ் சொல்வது சி, பைதான் பிராக்டிகலுக்குச் சரி. ஜாவா ஸ்விங், எச்டிஎம்எல் பாடங்களும் இதே லேபில்தான் நடக்கின்றன. அங்கே பட்டனும் டெக்ஸ்ட் பாக்ஸும் தெரியவேண்டும், படம் இல்லாமல் முடியாது. இன்னொரு விஷயம். பாண்டி அண்ணா சொன்ன இம்போர்ட்டைப் புதிய கணினியில் ஓட்டிப் பார்த்தேன், முழுக் கறுப்பாக ஒரு படம் வந்தது.

வேலண்ட்_வாசி

அந்தக் கணினிகளில் ஓடுவது எக்ஸ் விண்டோ இல்லை, அதற்குப் பதிலாக வந்த வேலண்ட். எக்ஸில் எந்த நிரலும் மற்ற எந்த நிரலின் விண்டோவையும் படிக்கலாம். வேலண்ட் அந்தக் கதவை வேண்டுமென்றே அடைத்துவிட்டது. திரையைப் பிடிக்க வேண்டுமென்றால் திரையை அடுக்கி வரையும் கம்பாசிட்டரிடம் கேட்கவேண்டும். இம்போர்ட்டும் ஸ்க்ராட்டும் எக்ஸிடம் கேட்கின்றன, அங்கே காட்ட ஒன்றும் இல்லை. ஸ்வே போன்ற வேலண்ட் கம்பாசிட்டர்களில் கிரிம் என்ற கருவி உண்டு, அது பைப்புக்கும் எழுதும். ஆனால் க்னோமில் கிரிம் ஓடாது. க்னோம் 41இலிருந்து அதன் டெஸ்க்டாப் ஷெல்லின் ஸ்கிரீன்ஷாட் இடைமுகத்தையும் கண்ட நிரல் கூப்பிட முடியாதபடி ஆக்கிவிட்டார்கள்.

உங்களுக்கு நேர்வழி, க்னோம்-ஸ்கிரீன்ஷாட் என்ற பழைய பயன்பாட்டை நிறுவி, மைனஸ் டபிள்யூ கொடுத்து விண்டோவை மட்டும் பிடித்து, மைனஸ் எஃப் கொடுத்துக் கோப்பில் எழுதுவது. கேடிஇ டெஸ்க்டாப் என்றால் ஸ்பெக்டக்கிள், அதுவும் பின்னணியில் ஓடிக் கோப்பில் எழுதும். லாகின் திரையில் எக்ஸ் அமர்வைத் தேர்ந்தெடுத்துத் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உபுண்டு 25.10இல் க்னோமுக்கு அந்த அமர்வே கிடையாது, அதை நம்பி ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள்.

கோர்ட்டு_வீதி

பார்த்தீர்களா? இரண்டு வகைக் கணினிக்கும் பொதுவான வழி என்று பார்த்தால் கோப்புதான். பைப்பை நம்பினால் லேபில் பாதி கறுப்புத் தாளை அச்சிடும். அதையும் யாரும் பார்க்காமலே.

பைப்_பாண்டி

வேலண்ட் விஷயத்தில் கோப்பு வழியாகப் போகவேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சுக்கு முன் மாணவர் கட்டாயம் பார்க்கவேண்டும் என்பதை ஏற்கமாட்டேன். அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தானே கேள்வியே வந்தது? எல்பிக்கு மைனஸ் எச் ஹோல்ட் (-H hold) கொடுங்கள். வேலை வரிசையில் நிற்கும், தாள் வெளியே வராது. லேப் உதவியாளர் எல்பிஸ்டாட்டில் பட்டியலைப் பார்த்து, வேண்டியதை மட்டும் ரெஸ்யூம் சொல்லி விடுவிக்கட்டும்.

கோர்ட்டு_வீதி

பட்டியலில் என்ன தெரியும்? வேலை எண், பயனர் பெயர், அளவு, நேரம். எல்லாருக்கும் ஒரே லாகின் என்றால் பயனர் பெயரும் ஒன்றுதான். பைப்பில் வந்த வேலைக்குத் தலைப்புக்கூட "ஸ்டிடின்" என்று மொட்டையாக இருக்கும். படம் எப்படி இருக்கிறது என்று உதவியாளருக்குத் தெரியாது. மாணவர் பார்க்காததை அவரும் பார்க்க முடியாது என்றால் ஹோல்ட் எதற்கு?

இன்னொன்றையும் யோசியுங்கள். தனியாக மாற்றி அமைக்காவிட்டால் அச்சிட்டு முடிந்த வேலையின் கோப்பைக் கப்ஸ் ஒரு நாள் சர்வரில் வைத்திருக்கும். முழுத் திரையையும் பிடித்து அனுப்பினால் மாணவரின் சொந்த விஷயங்களும் அங்கே இருக்கும். விண்டோவை மட்டும் பிடிக்கவேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள்.

சி_மிஸ்

விண்டோவை மட்டும் பிடிப்பதற்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். திரையில் பாதி, அதாவது 960 பிக்சல் அகல விண்டோ என்றால் அதே ஏழரை அங்குலத்தில் எழுத்து ஒன்பது பாயிண்டாக வரும். அது படிக்க முடிகிற அளவு. டெர்மினல் தீமை வெள்ளைப் பின்னணிக்கு மாற்றிவிடுங்கள். இமேஜ்மேஜிக்கின் நெகேட் ஆப்ஷன் கறுப்பை வெள்ளையாக்கும்தான், ஆனால் சிவப்பு சயான் ஆகிவிடும். கறுப்பு வெள்ளை அச்சிலும் அடர்ந்த இடம் வெளுத்தும் வெளுத்த இடம் அடர்ந்தும் வரும், எச்டிஎம்எல் பக்கத்துக்கு அது உதவாது. ஜேபெக் வேண்டாம், எழுத்தின் ஓரம் மங்கும்.

தாளிலேயே ரோல் நம்பர் வரவேண்டும். பிரிண்டர் தட்டில் ஒரே மாதிரி தாள்கள் குவிந்து கிடந்தால் யாருடையது எது என்று தெரியாது. கப்ஸின் பேனர் பக்கம் வைத்தால் ஆளுக்கு ஒரு தாள் கூடுதல் செலவு. இமேஜ்மேஜிக்கில் ஸ்ப்ளைஸ் கொடுத்துப் படத்தின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை சேர்த்து, அனோடேட் கொடுத்து அதில் எண்ணை எழுதலாம். நான் வற்புறுத்துவது இதைத்தான், மற்றதெல்லாம் உங்கள் வசதி.

பைப்_பாண்டி

ரோல் நம்பர் பட்டை நல்ல யோசனை. எல்பிக்கு மைனஸ் டி (-t) கொடுத்து அதே எண்ணை வேலையின் தலைப்பாகவும் வையுங்கள், தவறாகப் போனதைத் தேடி கேன்சல் செய்ய உதவும். பார்த்துவிட்டு அச்சிடு என்ற கட்டாயத்தை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை. விண்டோவை மட்டும் பிடிக்கிறோம், பின்னணி வெள்ளை, அளவு சரி. இவ்வளவும் ஸ்கிரிப்டே பார்த்துக்கொண்ட பிறகு மாணவர் எதைப் பார்க்கவேண்டும்?

கோர்ட்டு_வீதி

தன் அவுட்புட் சரியா என்று பார்க்கவேண்டும் அண்ணா. தவறான விடையை அச்சிட்டு ஒட்டிவிட்டு, மறுபடி ஒரு தாள் கேட்பார்கள்.

லேப்_உதவியாளர்

எல்லாருக்கும் நன்றி. இப்படிச் செய்யப் போகிறேன். சி, பைதான் வகுப்புகளுக்கு ஸ்கிரிப்ட் கட்டளையில் பதிவு, தமிழ் வந்தால் பேப்ஸ் வழியாக அச்சு. ஜாவா, எச்டிஎம்எல் வகுப்புகளுக்கு இரண்டு கட்டளைகள். முதலாவது ரோல் நம்பரைக் கேட்டு, ஐந்து நொடி காத்திருந்து, விண்டோவைப் பிடித்து, அடிப்பட்டையோடு கோப்பாக்கி, திரையில் காட்டும். எக்ஸ் ஓடுகிறதா வேலண்டா என்பதை அமர்வின் வகையைச் சொல்லும் எக்ஸ்டிஜி-செஷன்-டைப் (XDG_SESSION_TYPE) மாறியைப் பார்த்து ஸ்கிரிப்டே முடிவு செய்து, ஸ்க்ராட்டையோ க்னோம்-ஸ்கிரீன்ஷாட்டையோ கூப்பிடும். இரண்டாவது கட்டளை அச்சிடும்.

பாண்டி அண்ணா, அவசரத்துக்கு இரண்டையும் சேர்த்து ஓட்டும் ஆப்ஷன் ஒன்று வைக்கிறேன். பிராக்டிகல் தேர்வு நாளில் மட்டும் அது வேலை செய்யாது.

பைப்_பாண்டி

தேர்வு நாளில்தான் அது அதிகம் தேவைப்படும். ஸ்கிரிப்டை இங்கே போடுங்கள், அந்த இடத்தை மட்டும் நான் மாற்றிக் காட்டுகிறேன்.