விலா எலும்பில் எலும்பை யார் வைத்தது?

கல்தச்சன்:
நேற்று ஒரு கல்யாணப் பிரசங்கம். "கர்த்தர் ஸ்திரீயைத் தலையிலிருந்து எடுக்கவில்லை, ஆளுவாள் என்று, காலிலிருந்து எடுக்கவில்லை, மிதிபடுவாள் என்று, விலா எலும்பிலிருந்து எடுத்தார்." இதோடு நிறுத்தியிருந்தால் பேசாமல் பந்திக்குப் போயிருப்பேன். "அதனால்தான் ஆண்களுக்கு இன்றைக்கும் ஒரு எலும்பு குறைவு, எபிரெயத்தில் அப்படியே இருக்கிறது" என்று முடித்தார். நாலு பேர் ஆமென் வேறு.

எபிரெயத்தில் அப்படி இல்லை. ஏவாளை உண்டாக்க ஆதாமின் "விலா எலும்புகளில் ஒன்றை" எடுத்தார் என்று தமிழில் வருகிற ஆதியாகமம் 2:21இல் எபிரெயத்தில் இருக்கிற சொல் ட்சேலா. பக்கம், புறம். உடன்படிக்கைப் பெட்டிக்கு ஒரு பக்கத்தில் இரண்டு வளையம், மறுபக்கத்தில் இரண்டு வளையம் என்று யாத்திராகமம் 25:12 சொல்கிற அந்தப் பக்கம்தான் ட்சேலா. ஆசரிப்புக் கூடாரத்தின் பக்கம், பலிபீடத்தின் பக்கம், சீமேயி தாவீதைத் தூஷித்துக்கொண்டே நடந்துபோன மலைப்பக்கம், எல்லாம் அதே சொல். எலும்புக்கு எட்செம் என்று தனிச்சொல் இருக்கிறது, அது 21ஆம் வசனத்தில் கிடையாது. ஆளைப் பாதியாகப் பிரித்தார் என்பதற்கும் ஒரு எலும்பை உருவினார் என்பதற்கும் எவ்வளவு தூரம்! எலும்பு எங்கே, யாராவது காட்டுங்கள்.

சீயோன்மேடு:
வந்துவிட்டார் எபிரெய வித்துவான். தம்பி, ஆறு மாதம் செல்போனில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு முந்நூறு வருஷ மொழிபெயர்ப்பைத் திருத்தக் கிளம்பாதே. நீ சொன்ன பெட்டி, கூடாரம், மலை எல்லாம் உயிரில்லாத சாமான்கள். மனுஷ உடம்புக்கு அந்தச் சொல் வருகிற இடம் இது ஒன்றுதான். உடம்பில் அது விலா எலும்பு. அரபியில் அதன் கூடப்பிறந்த சொல் தில், அர்த்தம் விலா எலும்பு. தானியேல் 7:5இல் கரடி வாயில் கவ்வியிருக்கிற மூன்று விலா எலும்புக்கும் அதே வேர்ச்சொல்தான். கரடி மூன்று பக்கத்தையா கவ்விக்கொண்டு நின்றது? நோட்டுப் புத்தகமா அது?

கல்தச்சன்:
தானியேல் 7 அரமேயிக், அண்ணாச்சி. எபிரெயம் இல்லை. அடுத்த வீட்டு அகராதியை வைத்து நம் வீட்டுச் சொல்லுக்குப் பொருள் சொல்வீர்களா? நான் கேட்டது ஒன்றுதான். 21ஆம் வசனத்தில் எலும்பு எங்கே?

மண்பொம்மை:
இரண்டு பேரும் இது மண்ணில் செய்த பொம்மைக் கதை என்பதை மறந்துவிட்டு எலும்புக்குச் சண்டை போடுகிறீர்கள். சுமேரியக் கதை ஒன்றில் என்கி என்கிற தெய்வத்துக்கு உடம்பில் எட்டு இடத்தில் நோவு வரும். விலாவுக்கு வந்த நோவைத் தீர்க்கப் பிறந்தவள் பெயர் நின்தி. சுமேரியத்தில் 'தி' என்றால் விலா எலும்பு, 'தில்' என்றால் உயிர், அந்தப் பெயரில் இரண்டும் ஒலிக்கும். ஏவாளுக்கு எபிரெயப் பெயர் ஹவ்வா, அதிலும் உயிர்தான். அந்தச் சிலேடை மொழி மாறும்போது உதிர்ந்துவிட்டது, எலும்பு மட்டும் மிஞ்சியது என்று சாமுவேல் கிரேமர் என்ற சுமேரிய அறிஞர் எழுதினார். அது ஊகம்தான், ஆனால் கல்யாண வீட்டு ஊகத்தைவிட நல்ல ஊகம்.

சீயோன்மேடு:
அவிசுவாசிக்குப் பதில் சொல்வதில்லை என்று யோனாவின் மீன் திமிங்கலமா என்ற சண்டையிலேயே முடிவெடுத்துவிட்டேன். ஆனால் பாருங்கள், அவர் சொல்கிற கதையிலும் விலா எலும்புதான். கல்தச்சன் கவனிக்கவும்.

கல்தச்சன்:
சுமேரியமும் எபிரெயம் இல்லை. அரமேயிக் போச்சு, அரபி போச்சு, இப்போது சுமேரியமா? எபிரெயத்துக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறீர்கள்.

நான் வருகிறேன். பெரெஷித் ரப்பா என்ற யூத விளக்க நூலில் ரபி சாமுவேல் பார் நஹ்மான் சொல்கிறார்: ஆதாமை முதலில் இரண்டு முகத்தோடு படைத்தார், பிறகு அறுத்து இரண்டு முதுகு ஆக்கினார். உடனே மற்றவர்கள் "ட்சேலாவில் ஒன்றை எடுத்தார் என்றல்லவா எழுதியிருக்கிறது" என்று மடக்குகிறார்கள். அவர் பதில், "ஆம், கூடாரத்தின் பக்கம் என்று எழுதியிருக்கிற அதே பக்கம்." நான் சொன்ன அதே கூடாரப் பக்கம்! எபிரெயமே வாழ்க்கையாக இருந்தவர்கள் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட சண்டையை நீங்கள் என் செல்போன் மேல் போடுகிறீர்கள்.

சீயோன்மேடு:
அதே நூலில் 18ஆம் அதிகாரத்தையும் படித்தாயா, இல்லை உனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் அறுத்து எடுத்தாயா? தலையிலிருந்து எடுத்தால் தலைகனம் வரும், கண்ணிலிருந்து எடுத்தால் எட்டிப் பார்ப்பாள், வாயிலிருந்து எடுத்தால் வாயாடுவாள், அதனால் மறைவான இடத்திலிருந்து எடுத்தார் என்று அங்கேயே இருக்கிறது. நீ கிண்டல் செய்த கல்யாணப் பிரசங்கத்தின் தாத்தா அதுதான். அப்புறம் ஆதியாகமம் 2இல் 23ஆம் வசனம். "என் எலும்பில் எலும்பும், என் மாம்சத்தில் மாம்சமும்" என்று ஆதாமே சொல்கிறான். நீ கேட்ட எட்செம் அங்கே முழுசாக நிற்கிறது. எலும்பு கிடைத்ததா?

கல்தச்சன்:
கிடைக்கவில்லை. மாம்சமும் சேர்ந்து வந்திருக்கிறது பாருங்கள். எலும்பை மட்டும் உருவியிருந்தால் மாம்சத்தில் மாம்சம் எப்படி? இரண்டும் சேர்ந்து வரவேண்டுமென்றால் பக்கம்தான் வரவேண்டும். உங்கள் வசனமே எனக்குச் சாட்சி. நன்றி அண்ணாச்சி.

மார்த்தாள்:
மாற்றி மாற்றி எலும்பு எலும்பு என்று கசாப்புக்கடை மாதிரி இருக்கிறது. கொஞ்சம் மேலே 18ஆம் வசனத்துக்குப் போங்கள். "ஏற்ற துணை" என்பதில் துணை என்று வருகிற எபிரெயச் சொல் ஏட்சர். சங்கீதம் 121இல் கர்த்தரிடத்திலிருந்து வருகிற ஒத்தாசைக்கும் அதே சொல்தான். ஊருக்கு ஊர் சபைக்குப் பேர் வைத்திருக்கிறோமே எபெனேசர், உதவியின் கல், அதிலும் அதுதான். கர்த்தர் செய்தால் ஒத்தாசை, பெண் செய்தால் துணை. துணை என்றால் நம் வீடுகளில் காபி போடுகிற ஆள். அந்த ஒரு சொல் எத்தனை வீட்டில் எத்தனை பேரை அடுப்படியில் உட்கார வைத்தது, அதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை.

கல்தச்சன்:
அக்கா, நீங்கள் சொல்வது சரி, ஆனால் அது வேறு விஷயம். இங்கே கேள்வி எலும்பு.

மார்த்தாள்:
வேறு விஷயமா! பெண்ணுக்காகப் பேசுகிறேன் என்று தொடங்கிவிட்டு பெண் வாயைத் திறந்தால் வேறு விஷயம். நல்ல பாதி ஐயா நீங்கள்.

சீயோன்மேடு:
சிஸ்டர் சொன்னது சரியான அடி. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் உட்கார்ந்து முழு வேதாகமத்தையும் தமிழாக்கினபோது இந்த மாதிரி ஆட்கள் பக்கத்தில் இல்லாதது நம் பாக்கியம்.

கல்தச்சன்:
முழு வேதாகமம் இல்லை. புதிய ஏற்பாட்டை முடித்தார், பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்தார், 1719இல் இறந்துவிட்டார். மிச்சத்தை முடித்தது ஷுல்ட்ஸே. அதற்கப்புறம் பப்ரிசியுஸ் மறுபடி செய்தார், அதற்கப்புறம் 1871இல் பவர் என்பவர் தலைமையில் திருத்தம். நீங்கள் தினமும் திறக்கிற புத்தகத்தின் வரலாறே தெரியாமல் என் எபிரெயத்தை நோண்டுகிறீர்கள்.

சீயோன்மேடு:
ஆதியாகமம் ரூத்துக்கு முன்னாலா பின்னாலா? அப்படியானால் அந்த வசனத்தை அவர்தானே பெயர்த்தார். தப்பைப் பிடிக்கிற அவசரத்தில் புத்தக வரிசையே மறந்துவிட்டதா?

மண்பொம்மை:
இதற்குத்தான் சந்தா கட்டலாம் போலிருக்கிறது. ஒரு சின்ன விஷயம் மட்டும்: 1543லேயே வெசாலியுஸ் என்ற உடற்கூறு அறிஞர் உடலைத் திறந்து பார்த்து ஆணுக்கும் பெண்ணுக்கும் விலா எலும்பு ஒரே எண்ணிக்கை என்று எழுதிவிட்டார். பொதுவாக இருபத்துநாலு. எபிரெயம் எதற்கு, விரலால் தடவி எண்ணினாலே போதும். அப்படியே ஆதாமுக்கு ஒன்று போயிருந்தாலும் பிள்ளைகளுக்கு ஏன் போகவேண்டும்? அப்பாவுக்கு விரல் போனால் பிள்ளையும் விரல் இல்லாமலா பிறக்கிறது?

சீயோன்மேடு:
எலும்பு குறைவு என்று நான் எங்கே சொன்னேன்? அது அந்தப் பிரசங்கியார் சொன்னது. அதற்கு நான் ஜவாப்தாரி இல்லை.

கல்தச்சன்:
தமிழுக்கே வருகிறேன். யோவான் 19:34, போர்ச்சேவகன் ஈட்டியால் "அவருடைய விலாவில் குத்தினான்". விலா. எலும்பு இல்லை. அங்கே கிரேக்கச் சொல் பிளியுரா. ஆதியாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மரும் 2:21க்குப் போட்டது அதே பிளியுராதான். அதை வைத்துத்தான் ஆதிச் சபையின் அறிஞர் அகஸ்டின், ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள், கிறிஸ்துவின் விலாவிலிருந்து சபை என்று ஒரு இறையியலே கட்டினார். தமிழில் ஒரு இடத்தில் விலா, இன்னொரு இடத்தில் விலா எலும்பு என்று போட்டதில் அந்த இணைப்பு அறுந்துபோகிறது. நம் பாஷையில் விலா என்றாலே பக்கம்தானே, விலா நோகச் சிரித்தான் என்றால் எலும்பா சிரித்தது? விலா என்று விட்டிருந்தால் எபிரெயம் மாதிரியே இரண்டு அர்த்தமும் உள்ளே இருந்திருக்கும். இவ்வளவு அருமையான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு ஐயா எலும்பை ஒட்டவைத்தார்கள்?

சீயோன்மேடு:
"அவருடைய எலும்புகளில் ஒன்றும் முறிக்கப்படுவதில்லை", இரண்டே வசனம் தள்ளி இருக்கிறது. அங்கே எலும்பு என்று போட்டால் விபரீதம், அதனால் போடவில்லை. பெயர்த்தவர்கள் உன்னைவிட யோசித்தவர்கள். "விலாக்களில் ஒன்றை" என்று தமிழில் எழுதிப்பார், பல்லைக் கடிக்க வேண்டிவரும்.

கல்தச்சன்:
அதாவது எலும்பைச் சேர்த்தது தமிழ் நடைக்காக என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

சீயோன்மேடு:
ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை. சீகன்பால்கு விஷயத்துக்கு வேறு இடத்தில் தனியாகத் தொடங்குகிறேன், தைரியம் இருந்தால் அங்கே வா.

கல்தச்சன்:
வருகிறேன். போகிற வழியில் 21ஆம் வசனத்தில் அந்த எலும்பு கிடந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மார்த்தாள்:
ஏட்சருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.